வாய் திறக்காத மூன்று நாள்

பரணைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று இன்று காலை ஸ்டூல் போட்டு ஏறியவள், உன்னுடைய நீலக் கையுறையோடு இறங்கினேன். சூடான பாத்திரத்தைப் பிடிப்பதற்காக அமெரிக்காவிலிருந்து நீ கொண்டுவந்த தடித்த துணிக் கையுறை. கட்டைவிரல் பக்கம் கருகியிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை சாம்பார் அண்டாவை இறக்கும்போது அதை அடுப்பில் காட்டியவள் நான்தான். முகர்ந்து பார்த்தேன். கொஞ்சம் பெருங்காயம், மிச்சமெல்லாம் நம் ஊர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வாசனை. நெய்வேலியில் எதை எடுத்து முகர்ந்தாலும் கடைசியில் அந்தச் சாம்பல்தான் வரும். உன் வாசனை துளிகூட இல்லை. அதற்கே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது, அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு எட்டிப் பார்த்தார். "இன்னா, பரண்மேல பேய் இருந்துச்சா?" என்றார். வழக்கமாக இருந்தால் பத்து வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். இன்றைக்குக் கையுறையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். அவர் பயந்துபோய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். நேரில் சொல்ல வேண்டியதை விழுங்கிவிட்டு, ஆள் போனபிறகு காகிதத்தில் கொட்டினால் யாருக்கு என்ன லாபம்? ஆனால் அந்தக் கையுறையைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பது. நீ படிக்கப்போவதில்லை என்று தெரிந்தே எழுதுகிறேன்.

என் வாயைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். வார்டுக்குள் நான் வருவதற்கு முன்னால் என் குரல் வந்துவிடும் என்று டாக்டர்களே கேலி பேசுவார்கள். காடாம்புலியூரில் முந்திரிக் காட்டுக்கு நடுவில் வளர்ந்தவள். அங்கே ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கத்தித்தான் பேச வேண்டும். நீ திருநெல்வேலிப் பக்கம், அளந்து பேசுகிறவள். பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தோம். நடுவில் ஒரே சுவர். "ஏட்டி, நீ பேசுததைக் கேட்டே எங்க வீட்டுக் கொழம்பு கொதிச்சிரும்" என்பாய். உன் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவு. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, கடைசிவரை "சிஸ்டர்"தான். நான் அவரை "அண்ணா" என்பேன். ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நாம் இரண்டு வீட்டாரும் டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து கிராமத்தில் மனை வாங்கி வீடு கட்டினோம். நடுவில் இரண்டு தெரு வந்துவிட்டதே என்று அழுதவள் நீயில்லை, நான்.

அப்புறம் நீ மகன் வீட்டுக்கு அமெரிக்கா போனாய். பேத்தியைப் பார்த்துக்கொள்ள. இரண்டு வருஷம். அந்தப் பேத்தியோ பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில். நீ அடைத்துப் போட்ட கோழியாக ஜன்னலையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். கீழ்வீட்டில் ஒரு யூதக் கிழவி. அவள்தான் ஒருநாள் உன் கையைப் பிடித்துத் தெருக்கோடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த ஊர் யூதர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு சேவை நிலையம். தனியாக இருக்கிற வயசானவர்களுக்குச் சாப்பாடு, டாக்டரிடம் போகத் துணை, புதிதாக அந்த நாட்டுக்கு அகதிகளாக வந்து இறங்கும் குடும்பத்துக்குக் கட்டில் மெத்தை, தினமும் ஒரு போன் போட்டு "எழுந்தாச்சா" என்று விசாரிப்பது, இப்படிப் பல வேலை. உன்னைச் சமையல்கட்டில் விட்டார்கள்.

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு காரட் நறுக்கப் போதும்லா" என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது.

அங்கே பாலுக்குத் தனி அடுப்பு, கறிக்குத் தனி அடுப்பு, பாத்திரமும் அப்படியே. ஒன்றை ஒன்று தொடக்கூடாது. பால் பக்கத்துச் சாமானுக்கெல்லாம் நீல அடையாளம், கறிப் பக்கம் சிவப்பு. நீ சைவம் என்று தெரிந்ததும் உன்னை நீலப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். "எங்க அம்மா இருந்திருந்தா அந்த அடுக்களையைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள் ஆரம்பம். அதற்குள் சூப்பும், பின்னல் போட்ட மாதிரி ஒரு ரொட்டியும் வீடு வீடாகப் போய்ச் சேர வேண்டும். "அவுங்க ஆளுகளுக்கு மட்டுமா?" என்று நான் கேட்டேன். "கேட்டு வர்ற எல்லாத்துக்கும்ட்டி. ஒரு வியட்நாம் கிழவிக்கு நானே கொண்டுபோய்க் குடுத்திருக்கேன். அவளுக்கும் இங்கிலீசு தெரியாது, எனக்கும் தெரியாது. ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசிருக்கோம்" என்றாய்.

சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வரக்கூடாது. உள்ளே போய் உட்கார வேண்டும். நின்றுகொண்டு பேசக்கூடாது, அவர் முகத்துக்கு நேராக நம் முகம் இருக்க வேண்டும். போனை எடுத்துப் பார்க்கக் கூடாது. இதெல்லாம் அங்கே உனக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஆனால் உன்னை அடித்துப்போட்டது துக்க வீடு. அங்கே ஒரு கிழவரின் மனைவி இறந்துபோய், நிலையத்துப் பெண்களோடு நீயும் போனாயே, அந்தக் கதை. கதவு தாழ் போடாமல் திறந்தே இருந்ததாம். கண்ணாடிகளையெல்லாம் துணி போட்டு மூடியிருந்தார்களாம். வீட்டுக்காரர்கள் குட்டையான ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, வருகிறவர்கள் வணக்கம்கூடச் சொல்லாமல் வந்து உட்கார்ந்தார்களாம். துக்கப்பட்டவர் முதலில் வாயைத் திறக்கும்வரை வந்தவர் யாரும் பேசக்கூடாது. அது அவர்களுடைய வழக்கம். முக்கால் மணி நேரம் நீ சும்மா உட்கார்ந்திருந்தாய். கடைசியில் அந்தக் கிழவர் கொண்டுபோன சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "அவளாக இருந்தால் இன்னும் உப்புப் போட்டிருப்பாள்" என்றாராம். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. ஒரே பேச்சு, அழுகை, நடுநடுவே சிரிப்பு.

அதைச் சொல்லும்போது உன் கண் கலங்கியது. உன் அம்மா செத்தபோது ஊரில் நாற்பது பேர் வந்து நாற்பது தடவை கேட்டார்களாம்: எப்ப ஆச்சு, எத்தனை மணிக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலையா, முன்னாடியே பாத்திருக்கலாமே. "நாப்பது தடவை நான் எங்க அம்மையைக் கொன்னேன்ட்டி" என்றாய். நானும் அப்படிக் கேட்ட நாற்பது பேரில் ஒருத்தியாக எத்தனை வீட்டில் உட்கார்ந்திருக்கிறேனோ!

திரும்பி வந்ததும் ஆரம்பித்தாய். நீ, நான், இன்னும் மூன்று பெண்கள். பெயர் வைக்கலாம் என்று ஒருத்தி சொன்னதற்கு, "பேரு வச்சா தலைவி வேணும், செயலாளர் வேணும், போட்டா எடுக்கணும். நமக்குச் சாம்பார் அண்டா போதும்" என்று முடித்துவிட்டாய். வெள்ளிக்கிழமை உன் வீட்டுச் சமையல்கட்டு. டவுன்ஷிப்பில் பிள்ளைகளெல்லாம் பெங்களூருக்கும் துபாய்க்கும் போனபிறகு தனியாகக் கிடந்த பழைய ஆட்கள், வடக்குத்தில் படுக்கையில் கிடந்தவர்கள், மொத்தம் பதினாறு வீடு. டிபன் கேரியரோடு போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவோம். அதில் நான் ராணி. என்னை அனுப்பினால் படுத்துக் கிடக்கிற கிழவன்கூட எழுந்து உட்கார்ந்து சண்டைக்கு வருவான்.

துக்க வீடுதான் எனக்குத் தண்டனை. அங்கே உன் சட்டம். பறை அதிர்கிறது, பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிறார்கள், நாம் ஐந்து பேர் ஓர் ஓரமாக உட்கார்ந்து இருக்கிறோம். வடக்குத்தில் ஒரு கிழவி சத்தமாகவே சொன்னாள்: "இன்னாடி இது, ஊமக் கூட்டம் ஒண்ணு வந்து குந்திகினு கீது! அழுவவும் மாட்டேங்குது, போவவும் மாட்டேங்குது." அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எனக்கோ நாக்கு துறுதுறு என்று இருக்கும். நான் வாயைத் திறக்கப் போகிறேன் என்று தெரிந்தால் நீ என் தொடையில் நறுக்கென்று கிள்ளுவாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் கன்றிப்போயிருக்கும். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அது வேலை செய்தது. கூட்டமெல்லாம் கலைந்தபிறகு, செத்தவருடைய பெண்டாட்டி நம் பக்கம் திரும்பி எதையாவது சொல்வாள். மாடு கறக்கணும் என்பாள். செருப்பு புதுசா வாங்கினாரு, போடவே இல்ல என்பாள். அங்கிருந்து எல்லாம் வெளியே வரும். கொஞ்சம் கொஞ்சமாக நானும் கற்றுக்கொண்டேன். பிறகு கிள்ளு தேவைப்படவில்லை. இந்த வாயாடியை ஊமையாக்கிவிட்டேன் என்று அண்ணனிடம் நீ பெருமையடித்துக்கொண்டாய்.

இனி எழுத வேண்டியது எழுதக் கஷ்டமானது.

அது பலாப்பழ சீசன். என் தம்பி தோப்பிலிருந்து ஒரு பழம் கொண்டுவந்து உங்களுக்குப் பாதி கொடுத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் உன் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னாண்ணா, தோள்ல?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். ஒங்க பலாச்சுளை செய்த வேலை. வாயு."

"வாயு வயித்துல வரும், தோள்ல வராது. ஏறினா வலிக்குதா, எறங்கினா வலிக்குதா?"

"ஏறினாதான்."

உன்னைப் பார்த்து நான் சொன்னேன். நினைவிருக்கிறதா? "இன்னைக்கே கூட்டிகினு போய் ஈசிஜி எடு. நான் வேணா கூட வர்றேன்." நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். "வெள்ளிக்கிழமை வேலை முடியட்டும், சனிக்கிழமை போயிருதோம்" என்றாய். அவரும் "அதான் சனிக்கிழமைன்னு சொல்லுதாளே" என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இதை ரொம்ப நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. கத்திச் சண்டை போட்டு ஆட்டோவில் ஏற்றியிருக்கலாம். அந்த வாய் எனக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாம் இரண்டு பேரும் டவுன்ஷிப்பில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அவர் தன் பையன் போன் செய்யாததைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். நீ முகத்துக்கு நேராக உட்கார்ந்து கேட்டாய். திரும்பி வந்தோம். நீ கேட்டைத் திறந்தாய், நான் காலி டிபன் கேரியரோடு பின்னால் வந்தேன். அண்ணன் ஹால் நாற்காலியில் டிவியைப் பார்த்த மாதிரி இருந்தார். கை தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் நாடி பார்த்தேன். நான்தான் உன்னிடம் தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள்.

முதல் நாள் கூட்டம். வந்தவர்களெல்லாம் வழக்கம்போலக் கேட்டார்கள்: எப்படி ஆச்சு, வலின்னு சொல்லலையா, கூட யாரும் இல்லையா. நான் ஓடி ஓடித் தடுத்தேன். "அவளை ஒண்ணும் கேக்காதீங்க, சும்மா குந்துங்க" என்று அதட்டினேன். உன் சட்டத்தை உன் வீட்டிலேயே காப்பாற்றுகிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட. அப்புறம் உனக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை.

நீ என்னைப் பார்த்தாய். பந்தலுக்கு ஆள் வரும், போகும். நீ யாரையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாய். அண்ணனை எடுத்துக்கொண்டு போன ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தபோதும் பார்த்தாய். இரண்டாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தார்கள், அப்போதும் நீ சுவரில் சாய்ந்தபடி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நீயாகப் பேசுவாய் என்று நான் காத்திருந்தேன். உன்னிடமிருந்து கற்றதல்லவா! ஷிஃப்டுக்கு ஊதுகிற சங்கு ஊதியது. அண்ணன் இருந்திருந்தால் மணியைச் சரிபார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அதைக்கூட நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் நீ வாயைத் திறந்தாய். "காபி குடிச்சியா?" என்றாய்.

"ம்" என்றேன்.

அவ்வளவுதான். நீ கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாய்.

அடிப் பாவி என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். அந்தக் கிழவர் உப்பைப் பற்றித்தானே சொன்னார்? இந்தப் பெண்கள் மாட்டைப் பற்றியும் செருப்பைப் பற்றியும்தானே ஆரம்பித்தார்கள்? துக்கம் காபியில்தான் வாயைத் திறக்கும் என்று ஐந்து வருஷமாக வீடு வீடாகப் பார்த்தவள் நான். அத்தனை துக்க வீட்டில் அடையாளம் தெரிந்த எனக்கு உன் வீட்டில் தெரியவில்லை. நீ கதவைத் திறந்து வைத்தாய். நான் "ம்" என்று சொல்லி வாசலிலேயே நின்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் மகள் உன்னைத் திருநெல்வேலிக்கு அழைத்துக்கொண்டு போனாள். போன் பேசினோம். "சாப்டியா", "மழை உண்டா", "கால்வலி எப்படி". இருபது வருஷம் சுவர் தாண்டிப் பேசிய நாம் இரண்டு நிமிஷத்தில் முடித்துக்கொண்டோம். ஊர்மாற்றம், மனசு சரியில்லை, தானாகச் சரியாகும் என்று நினைத்தேன். பத்து மாசத்தில் நீயும் போய்விட்டாய். தூக்கத்திலேயே என்றார்கள். நானும் வீட்டுக்காரரும் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

உன்னைப்போலவே அளந்து பேசுகிற உன் மகள், பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா கடைசிவரைக்கும் ஒண்ணையேதான் சொல்லிக்கிட்டிருந்தா."

"என்னம்மா?"

"'அவ நர்சு. அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையே போயிருந்தா ஒங்கப்பா பொழைச்சிருப்பாருன்னு அவளுக்குத் தெரியும். அதான் மூணு நாளும் வாயே திறக்கல. அந்த வாயி சும்மா இருந்துச்சுன்னா வேற என்ன அர்த்தம்?' அப்படின்னு."

"இல்லம்மா, அது உங்கம்மா சொல்லிக்குடுத்த வழக்கம், அவங்க பேசறவரைக்கும் நாம பேசக்கூடாது..." என்று என்னென்னவோ சொன்னேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். "சரி ஆன்ட்டி" என்றாள். உன் மகளுக்கு நான் விளக்கம் சொல்லி என்ன? கேட்க வேண்டியவள் நீ, போய்விட்டாயே.

அன்றிலிருந்து நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாய். இதைப் படிக்கிறவர்கள் என்னைப் பைத்தியம் என்றாலும் சரி. காய்கறி வாங்கும்போது, குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது, வெள்ளிக்கிழமை சமையல்கட்டில் பருப்பு வேகும்போது, எதிரே சுவரில் சாய்ந்தபடி நீ உட்கார்ந்து என் வாயைப் பார்க்கிறாய். கோபமே இல்லாத பார்வை. திட்டித் தொலைத்தாலாவது நிம்மதியாக இருக்கும். பேச்சு நடுவில் சட்டென்று நிறுத்திவிடுகிறேன். "என்ன நின்னுபோச்சு, கரண்ட் கட்டா?" என்று வீட்டுக்காரர் கேட்பார்.

நம் வேலையை விடவில்லை. நீ போனபிறகு நான்கு பேராக இருந்தோம், ஒருத்தி மகன் வீட்டோடு போய்விட்டதால் இப்போது மூன்று. பதினாறு வீடு இருபத்திரண்டு ஆகிவிட்டது. இரண்டு மாசம் முன்னால் வடக்குத்தில் ஒரு வீடு. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவன், மஞ்சள்காமாலையில் போய்விட்டான். முப்பது வயசுப் பெண்டாட்டி. உள்ளே போனதுமே நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உன்னிடம் சொல்லாததை இவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வெறி. "இதுல உன் தப்பு ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என் தப்பா? இன்னா ஆயா சொல்றீங்க? யாராவது என்னைச் சொன்னாங்களா? அவங்க அம்மா சொல்லிச்சா?"

அதுவரை அந்த எண்ணமே அவளுக்கு இல்லை. நான்தான் கொண்டுபோய் வைத்தேன். அவளைச் சமாதானப்படுத்த ஒரு வாரம் நடந்தேன். வாயை மூடியிருந்து ஒருத்தியைத் தொலைத்தேன், திறந்து இன்னொருத்தியைக் கலக்கினேன். போ, எனக்கு எதுவுமே வராது என்று டிபன் கேரியரைத் தூக்கி வைத்துவிட்டேன்.

மறுவாரம் அவளேதான் கேட்டாள், "ஏன் ஆயா, என்னைக் கேட்டுட்டு சொல்லியிருக்கலாம்ல?" என்று. அவள் ஏதோ போகிற போக்கில் சொன்னாள். இப்போது அதைத்தான் செய்கிறேன். துக்க வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததும், நேராக, மரியாதை கெட்டத்தனமாகவே கேட்டுவிடுகிறேன்: "நான் பேசட்டுமா, சும்மா குந்தியிருக்கட்டுமா?" சிலர் சும்மா இருங்க என்கிறார்கள். சிலர் எதாவது பேசுங்க என்கிறார்கள். ஒருத்தி, "மொதல்ல இந்தப் புள்ளைக்கு மூக்கைச் சிந்தி வுடுங்க" என்றாள். உன் யூதக் கிழவி இதை ஒத்துக்கொள்வாளோ மாட்டாளோ, தெரியவில்லை. அவர்கள் வழக்கத்தில் ஒரு குறையும் இல்லை. எத்தனையோ வீட்டில் அது ஆளைக் காப்பாற்றியதை நானே பார்த்தேன். அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டவள் நான்.

ஆமாம், ஒளிந்துகொண்டேன். உன் மகளிடம் சொன்னது பாதி உண்மை. மிச்சப் பாதியை உனக்குத்தான் சொல்ல வேண்டும், வேறு யாருக்கும் அது சொந்தமில்லை. அந்த மூன்று நாளும் நான் உன்மேல் கோபமாக இருந்தேன். ஊரில் பதினாறு வீட்டுக் கிழம்கட்டைகளுக்குச் சாம்பார் கொண்டுபோகத் தெரிந்தவளுக்கு, சொந்த வீட்டில் தோளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷனைக் கூட்டிக்கொண்டு போகத் தெரியவில்லையே என்று. வாயைத் திறந்தால் அது வந்துவிடும் என்று எனக்குப் பயம். அதனால்தான் உன் சட்டத்தை அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "ம்" என்று நான் சொன்னபோது நீ என் முகத்தில் பார்த்தது அதைத்தான். நீ என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து என்னைக் கேட்டவள், என் மௌனத்தையும் சரியாகத்தான் கேட்டிருக்கிறாய்.

ஆனால் ஒன்று மட்டும் உனக்குத் தப்பு. எனக்குத் தெரியும் என்று நினைத்தாய் பார், அதுதான். எனக்குத் தெரியாதுடி. முப்பது வருஷம் வார்டில் நின்றிருக்கிறேன். ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பியவர் மறுநாள் போனதையும் பார்த்திருக்கிறேன், போய்விடுவார் என்று நினைத்தவர் பத்து வருஷம் கழித்துப் பேரன் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து நீட்டியதையும் பார்த்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை போயிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பாரா? தெரியாது. எந்த டாக்டருக்கும் தெரியாது. "எனக்கும் தெரியாதுடி, நானும்தான் வுட்டுட்டேன், வா, ரெண்டு பேரும் அழுவலாம்" என்று சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகாது.

சொல்லவில்லை. எல்லாம் தெரிந்தவளைப்போல உன் எதிரே மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன்.